பெயர் எழுத இடம் விட்ட புத்தகம்

வங்கி வேலையில் இருபது வருஷம் ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் கண் போவது எழுதியிருப்பதில் இல்லை, எழுதாமல் விட்ட இடத்தில். பெயர், தேதி, கையெழுத்து, நாமினி. பழைய எகிப்தியரின் 'இறந்தோர் நூல்' பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியதும் அப்படி ஓர் இடம்தான்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆனி என்பவருடைய பாப்பிரஸ் சுருள் இருக்கிறது. கி.மு. 1250ஐ ஒட்டிய காலம். மொத்த நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். 1888ல் வாலிஸ் பட்ஜ் என்பவர் மியூசியத்துக்காக வாங்கி, பிறகு 37 துண்டுகளாக வெட்டிப் பிரித்தார். ஆனியின் உத்தியோகம் என்ன தெரியுமா? கோயில் படையல்களுக்குக் கணக்கு எழுதுவது. நம்ம துறைக்காரர்! :-)

விஷயம் இதுதான். அந்தச் சுருளில் பல இடங்களில் 'ஆனி' என்ற பெயர் மட்டும் வேறு கையெழுத்தில் இருக்கிறது. அதாவது சுருளின் பெரும்பகுதியை முன்பே எழுதி, படம் வரைந்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள். வாங்கியவர் பெயரைப் பிறகு நிரப்பினார்கள். வேறு சில சுருள்களில் அந்த இடம் கடைசிவரை நிரப்பப்படாமலே கிடக்கிறது. சொர்க்கத்துக்குப் போக அச்சடித்த விண்ணப்பப் படிவம் மாதிரி.

வரலாறு எனக்குப் பாடம் இல்லை. பி.காம். படித்தவன். அதனால் இந்தக் கதையை ராஜா, போர், பிரமிடு என்று சொல்லாமல், எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

செத்த பிறகும் நிற்காத செலவு

எகிப்தியர்கள் சாவைக் கொண்டாடியவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். படிக்கப் படிக்க எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்கு இருந்தது சாவின் மேல் ஆசை இல்லை, பின்னால் வருகிறவர்கள் மேல் அவநம்பிக்கை. நாம் போன பிறகு நமக்குச் செய்ய வேண்டியதை யாராவது செய்வார்களா? இந்த ஒரு கேள்விக்குத்தான் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் விதவிதமாகப் பதில் எழுதிப் பார்த்தார்கள்.

காரணம் அவர்கள் நம்பிக்கையிலேயே இருந்தது. மனிதன் என்றால் உடல் மட்டும் இல்லை. 'கா' என்று ஓர் உயிர்ச்சக்தி. அதற்குத் தினமும் ரொட்டியும் பீரும் வேண்டும். 'பா' என்று இன்னொன்று. மனிதத் தலை வைத்த பறவையாக வரைவார்கள். அது பகலில் வெளியே போய்விட்டு இரவில் உடலுக்குத் திரும்ப வேண்டும். இவற்றோடு நிழல், இதயம், கடைசியாகப் பெயர். பெயரை யாராவது உச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் நின்றுபோனால் இரண்டாவது சாவு. அதற்குத்தான் அவர்கள் நிஜமாகப் பயந்தார்கள்.

கணக்குப் பாஷையில் சொன்னால், சாவு ஒருதடவைச் செலவு இல்லை. முடிவே இல்லாத மாதாந்திரச் செலவு. அதற்கு முதல் எங்கே? பொறுப்பு யார்?

முதல் ஏற்பாடு: சுவர்

கீசாவில் நிற்கும் பெரிய பிரமிடுக்குள், கூஃபுவின் உடலை வைத்த அறையில், ஒரு மந்திர வரிகூடக் கிடையாது. சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன. அதற்கு இரண்டு நூற்றாண்டு கழித்து, கி.மு. 2350 வாக்கில், ஐந்தாம் வம்சத்தின் கடைசி அரசன் ஊனாஸ், சக்காராவில் ஒரு சின்ன பிரமிடு கட்டிக்கொண்டான். அளவில் கூஃபுவுடையதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் உள்ளே அறைச் சுவர் நெடுக எழுத்து. 1881ல் பிரெஞ்சுக்காரர் மாஸ்பெரோ உள்ளே போய்ப் பார்த்தார். இன்று 'பிரமிடு வாசகங்கள்' என்று நாம் சொல்பவை இவைதான். உலகத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சமய நூல்களில் ஒன்று.

இந்த மந்திரங்களில் பல, பூசாரிகள் வாயால் ஓதிக்கொண்டிருந்தவை. பிறகு ஏன் கல்லில் வெட்ட வேண்டும்? பூசாரி ஓதுவதை நிறுத்தினாலும் சுவர் ஓதிக்கொண்டே இருக்கும் என்பதுதான் பொருத்தமான விளக்கம். எழுத்துக்கு அவ்வளவு சக்தி இருப்பதாக நம்பினார்கள். எந்த அளவுக்கு என்றால், சில பிரமிடுகளில் சிங்கம், பாம்பு மாதிரி எழுத்துகளைப் பாதியாக வெட்டித்தான் செதுக்கியிருக்கிறார்கள். உயிர் வந்து உள்ளே இருப்பவரைக் கடித்துவிடக் கூடாதாம்!

ஆனால் இந்த வசதி அரசனுக்கும், கொஞ்சம் பின்னால் சில அரசிகளுக்கும் மட்டும்தான்.

இரண்டாவது ஏற்பாடு: ஒப்பந்தம்

என்னை அசத்திய ஆள் அசியுட் என்ற ஊரின் மாகாணத் தலைவர் ஹப்ஜெஃபா. முதலாம் செனுஸ்ரெத் அரசன் காலம், கி.மு. 20ஆம் நூற்றாண்டு. தன் கல்லறைச் சுவரில் இவர் பத்து ஒப்பந்தங்களை முழுசாக வெட்டி வைத்திருக்கிறார். வங்கியில் டிரஸ்ட் பத்திரம் படித்துப் பழகியவர்கள் அதைப் படித்தால் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

வருஷக் கடைசியில் வரும் ஐந்து கூடுதல் நாட்களில் சிலவற்றிலும், புத்தாண்டு அன்றும், இன்னும் சில திருவிழாக்களிலும் இவருடைய சிலைக்கு ரொட்டியும் பீரும் வர வேண்டும். விளக்குக்குத் திரி வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கோயில் பூசாரிகளுடனும் இடுகாட்டு ஊழியர்களுடனும் தனித்தனி ஒப்பந்தம். அவர்கள் தருவது என்ன, பதிலுக்கு இவர் தருவது என்ன, எல்லாம் எழுத்தில்.

அதில் இரண்டு இடங்கள் அற்புதம். ஒன்று, சொத்தைப் பிரித்துக் காட்டுவது. இது என் அப்பன் வழி வந்த சொத்து, இது பதவியால் வந்த சொத்து என்று கோடு போடுகிறார். பதவிச் சொத்தை அடுத்து வரும் தலைவர் கேள்வி கேட்கலாம், அப்பன் சொத்தைக் கேட்க முடியாது. இரண்டு, 'கோயில் நாள்' என்ற கணக்கு. இவர் பூசாரிக் குடும்பம். கோயில் வருமானத்தில் பங்கு உண்டு. அந்தப் பங்கில் சில நாட்களை எழுதிக் கொடுக்கிறார். ஒரு கோயில் நாள் என்றால் வருஷத்தில் 360ல் 1 பங்கு என்று விளக்கமும் சேர்க்கிறார். பின்னால் வருகிறவன் வேறு அர்த்தம் சொல்லித் தப்பிக்கக் கூடாது அல்லவா!

மொத்தத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு 'கா' பூசாரி. அவருக்கு நிலம், ஆட்கள், மாடு. நிபந்தனை: இந்தச் சொத்தைப் பிள்ளைகளுக்குள் பாகம் போடக் கூடாது, ஒரே மகனுக்குத்தான் போக வேண்டும். நாலு மகன்களுக்குப் பிரிந்த நிலத்தில் யாரும் பொறுப்பாகப் படையல் போட மாட்டார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

ஊரை விட்டுப் போனவன் கதை

அதே செனுஸ்ரெத்தின் ஆட்சியில் நடப்பதாக ஒரு கதை உண்டு. சினூஹே கதை. எகிப்தியப் பள்ளிப் பிள்ளைகள் பல நூற்றாண்டு காலம் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிய கதை. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய அரசன் கொல்லப்பட்ட செய்தியைத் தற்செயலாகக் காதில் வாங்கிய சினூஹே என்ற அரண்மனை ஊழியன், பயந்துபோய் நாட்டை விட்டு ஓடுகிறான். சிரியா பக்கம் போய்ச் சேர்கிறான். அங்கே ஒரு தலைவன் தன் மூத்த மகளைக் கட்டி வைக்கிறான். நல்ல நிலம், ஆடு மாடு, பிள்ளைகள், ஊரில் மரியாதை. குறை என்று எதுவுமில்லை. ஆனால் வயதாக ஆக ஒரே ஒரு கவலை அரிக்க ஆரம்பிக்கிறது. நான் இங்கே செத்தால் என்னை எப்படி அடக்கம் செய்வார்கள்?

அரசனிடமிருந்து கடிதம் வருகிறது. திரும்பி வா என்கிறான். அந்தக் கடிதத்தில் பணமோ பதவியோ பெரிதாகப் பேசப்படவில்லை. அங்கே செத்தால் உன்னை ஆட்டுத்தோலில் சுற்றிப் புதைப்பார்கள், இங்கே வந்தால் முறைப்படி துணி சுற்றி, பெட்டி செய்து, ஊர்வலம் விட்டு, கல்லறை கட்டித் தருவேன் என்கிறான். சினூஹே வருகிறான். சொத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மூத்தவனைத் தலைவனாக்கிவிட்டு, அவர்களை அங்கேயே விட்டுவிட்டு வருகிறான்.

அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான், சரி. ஆனால் அவனுக்குச் செய்ய வேண்டிய பிள்ளைகள் சிரியாவில். அவர்களுக்கு எகிப்து வெறும் கதை. கடைசியில் அவன் நம்பியிருந்தது பெற்ற பிள்ளையை இல்லை, அரசன் ஏற்பாடு செய்த சம்பளப் பூசாரிகளைத்தான். திதி கொடுக்க ஊருக்குப் போக லீவு கிடைக்காமல் போனிலேயே ஏற்பாடு செய்கிற நமக்கு இது புரியாத விஷயமா?

இப்போது ஹப்ஜெஃபாவிடம் திரும்புவோம். எல்லா ஓட்டையையும் அடைத்துப் பத்திரம் எழுதினாரே, அவர் சிலை என்ன ஆனது? 1913ல் ஜார்ஜ் ரைஸ்னர் என்ற அமெரிக்கர் இன்றைய சூடானில் உள்ள கெர்மாவில் தோண்டும்போது, ஒரு நூபிய அரசனின் சமாதி மேட்டுக்குள் ஹப்ஜெஃபாவின் சிலை ஒன்றின் துண்டும், அவர் மனைவி சென்னுவியின் அழகான சிலையும் கிடைத்தன. எகிப்து பலவீனமான காலத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சென்னுவி பிறகு பாஸ்டன் மியூசியத்துக்குப் போனார். வெளிநாட்டுக்கு ஓடியவன் கதையில் ஊர் திரும்பினான். ஊரிலேயே இருந்து ஒப்பந்தம் போட்டவரின் சிலைகள் நாடு விட்டு நாடு போயின.

மூன்றாவது ஏற்பாடு: கையோடு கொண்டுபோவது

அடுத்தவரை நம்ப முடியாது என்றால் என்ன வழி? தேவையானதைக் கையோடு எடுத்துப்போவதுதான். அரசனின் சுவரில் இருந்த மந்திரங்கள் இப்படித்தான் அதிகாரிகளின் மரப்பெட்டிக்கு இறங்கி வந்தன. இவை 'பெட்டி வாசகங்கள்'. டச்சு அறிஞர் டி பக் இவற்றைத் திரட்டி 1935லிருந்து 1961 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். மொத்தம் 1,185 மந்திரங்கள். டேர் எல்-பெர்ஷா ஊர்ப் பெட்டிகள் சிலவற்றின் அடிப்பலகையில் ஒரு வரைபடமே உண்டு. மறுவுலகத்துக்கு நீர்வழி ஒன்று, நிலவழி ஒன்று, நடுவில் நெருப்பு ஏரி. இதன் மிகப் பழைய பிரதி 2012ல் கிடைத்து, 2019ல் விவரம் வெளியானது. அது ஆங்க் என்ற பெண்மணியின் பெட்டி. ஆக, இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கும் ஆரம்பத்திலேயே இடம் இருந்திருக்கிறது.

பெட்டியிலிருந்து பாப்பிரஸுக்கு வந்ததுதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த புத்தகம். 'இறந்தோர் நூல்' என்பது 1842ல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ் பரப்பிய பெயர். எகிப்தியர் வைத்த பெயருக்கு 'பகலில் வெளியே வருவதற்கானவை' என்று அர்த்தம். பாருங்கள், பெயரிலேயே சாவு இல்லை. வெளிச்சம்தான் இருக்கிறது.

விலை என்ன? ராஜாக்களின் கல்லறைகளை வெட்டிய தொழிலாளர் ஊரான டேர் எல்-மதீனாவில் கிடைத்த கணக்குகளை வைத்து ஓரளவு சொல்ல முடிகிறது. ஒரு தொழிலாளிக்கு மாதம் கொடுத்த தானியத்தின் மதிப்பு சுமார் 11 டெபென் செம்பு (ஒரு டெபென் 91 கிராம்). சாதாரண மரப்பெட்டி 20லிருந்து 40 டெபென். புத்தகம் ஒன்று ஒரு டெபென் வெள்ளி. காலத்தைப் பொறுத்து அது 60லிருந்து 100 டெபென் செம்பு. போட்டுப் பாருங்கள், குறைந்தது ஐந்து மாதச் சம்பளம்! அதனால்தான் கையில் இருக்கும் காசுக்கேற்ப அத்தியாயங்களைத் தேர்ந்தெடுத்து வாங்கினார்கள். மொத்தம் ஏறக்குறைய இருநூறு அத்தியாயங்கள். அத்தனையும் உள்ள சுருள் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

சுய வாக்குமூலமும் சாட்சியும்

125ஆம் அத்தியாயம் எல்லோருக்கும் தெரிந்தது. தராசின் ஒரு தட்டில் இதயம், இன்னொரு தட்டில் நீதியின் இறகு. அனூபிஸ் முள்ளைச் சரிபார்க்க, தோத் பேரேட்டில் எழுத, பக்கத்தில் முதலைத் தலையோடு அம்மித் காத்திருக்கும். எடை சரியில்லை என்றால் இதயம் அதற்கு உணவு. கதை முடிந்தது.

அங்கே 42 தேவதைகள் முன்னால் 42 வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எல்லாம் 'செய்யவில்லை' ரகம். கொலை செய்யவில்லை, திருடவில்லை என்பதோடு, அத்தியாயத்தில் வரும் மறுப்புகளில் தராசைத் திருத்தவில்லை, தானிய அளவையைக் குறைக்கவில்லை, நில அளவில் ஏமாற்றவில்லை என்பவையும் உண்டு. மறுவுலக நீதிமன்றத்தில் எடைக்கல்லைப் பற்றிக் கேட்ட நாகரிகம் இது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. 30ஆம் அத்தியாயம் தன் இதயத்தையே பார்த்துக் கெஞ்சுவது. எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று வேண்டுவது. பச்சைக் கல் வண்டு ஒன்றில் இதைப் பொறித்து மம்மியின் மார்பில் வைத்தார்கள். மூளையை வெளியே எடுத்துப் போட்டவர்கள் இதயத்தை மட்டும் உடம்பிலேயே விட்டார்கள், அதற்கு எல்லாம் தெரியும் என்பதால்.

அப்படியானால் இது சாட்சியைக் கலைப்பது இல்லையா? பல பேர் அப்படித்தான் கேலி செய்கிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். வாக்குமூலம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தால் இந்த வண்டு தேவையே இல்லை. படிவத்தில் 42 இடத்திலும் 'இல்லை' என்று எழுதிவிட்டாலும், எழுதியவனுக்கு உண்மை தெரியும். அந்தப் பயம்தான் பச்சைக் கல்லாக மார்பில் உட்கார்ந்திருக்கிறது. பயப்படுகிறவனுக்கு மனசாட்சி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மறுவுலகத்திலும் வயல் வேலை உண்டு. அதற்கு நமக்குப் பதிலாகப் போக 'ஷப்தி' பொம்மைகள். பிற்காலத்தில் ஒரு செட் 401. நாளுக்கு ஒருவர் வீதம் 365 ஆட்கள், பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி வீதம் 36. ஒரு செட் விற்றதற்கான ரசீது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. செய்தவர் வெள்ளியைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, பணம் கொடுத்தாகிவிட்டது, போய் வேலையைப் பாருங்கள் என்று பொம்மைகளுக்கே உத்தரவு போடுகிறார். கூலி பாக்கி என்று பொம்மை வேலைநிறுத்தம் செய்துவிடக் கூடாது பாருங்கள் :-)

ஒவ்வொன்றாக உடைந்தது

இத்தனை ஏற்பாடும் நின்றதா? ஒன்பதாம் ராமேசஸின் 16ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1110 வாக்கில், ஆமென்பனுஃபர் என்ற கல்தச்சன் கொடுத்த வாக்குமூலம் பாப்பிரஸில் இருக்கிறது. கூட்டாளிகளோடு சோபெகெம்சாஃப் அரசனின் கல்லறைக்குள் புகுந்து தங்கத்தை உரித்துக்கொண்டு, பெட்டிகளுக்குத் தீ வைத்தார்களாம். பங்கு தலைக்கு 20 டெபென். பிடிபட்டதும் தன் பங்கை ஓர் எழுத்தனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தானாம். கூட்டாளிகள் அவன் நஷ்டத்தை ஈடு செய்தார்களாம்! மூவாயிரம் வருஷத்தில் நடைமுறை ஒன்றும் மாறவில்லை.

கல் உடைந்தது, பூசாரிகள் போனார்கள், நிலம் கைமாறியது. எகிப்தியர்களுக்கே இது தெரியும். கி.மு. 1200ஐ ஒட்டி எழுதப்பட்ட செஸ்டர் பீட்டி பாப்பிரஸ் ஒன்று வெளிப்படையாகவே சொல்கிறது. கல்லறைகள் இடிந்துவிட்டன, படையல் போட்டவர்கள் மறைந்துவிட்டார்கள், நூல் எழுதியவர்களின் பெயர் மட்டும் படிக்கிறவர் வாயில் வாழ்கிறது என்பது அதன் சாரம்.

அதனால்தான் அவர்கள் கடைசியாக இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தார்கள். எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரியது அதுதான். செலவே இல்லாதது. கல்லறை வாசலிலும் நினைவுக் கற்களிலும் வழிப்போக்கனுக்கு ஒரு வேண்டுகோள் எழுதி வைத்தார்கள். இந்த வழியாகப் போகிறவரே, ரொட்டி ஆயிரம், பீர் ஆயிரம் என்று என் பெயரோடு ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள், உங்களுக்குக் கைப்பொருள் எதுவும் செலவில்லை, வாய்மூச்சு மட்டும்தான் என்ற பொருளில் கெஞ்சல். பிள்ளை இல்லை, பூசாரி இல்லை, சொந்தம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர்.

நம் நாட்டு மியூசியங்களிலும் மம்மிகள் உண்டு. கொல்கத்தா, ஹைதராபாத், வடோதரா, ஜெய்ப்பூர் என்று நம்மவர்கள் பிழைக்கப் போன ஊர்கள்தான். ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலில் இருப்பவர் பெயர் டூட்டூ. அக்மீம் ஊர்ப் பூசாரிக் குடும்பத்துப் பெண், கிரேக்கர் ஆண்ட கடைசி நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர். 2020 ஆகஸ்டில் பேய்மழை பெய்து மியூசியத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஊழியர்கள் கண்ணாடிப் பெட்டியை உடைத்து, அந்த அம்மாவை நனையாமல் தூக்கி மேலே வைத்தார்கள். பாஷை தெரியாது, சாமி தெரியாது, ஊர் தெரியாது. மறுநாள் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் டூட்டூ, டூட்டூ என்று அவர் பெயர்.

அடுத்தமுறை பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போனால், மம்மி என்று கத்தி ஓடவிடாமல், பலகையில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் மியூசியத்தில் அப்படி ஒரு பெயர் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். செலவு ஒன்றுமில்லை.